எக்நாக்: ஒரே கிண்ணம், பல வயிறுகள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

டிசம்பர் வந்தாச்சு. வழக்கமா நாம பேசுற கோட், கிளவுட், இன்டர்வியூ எல்லாத்துக்கும் இந்த வாரம் லீவு. இன்னிக்கு சமையல்கட்டுக்குப் போறோம்.

காரணம், நேயர் ஒருத்தர் அனுப்பின மெயில். அமெரிக்கா வந்து ஆறு மாசம்தான் ஆகுதாம். டீம்ல கிறிஸ்துமஸ் பாட்லக் வெச்சிருக்காங்க, அதாவது ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வர்ற விருந்து. மேனேஜர் வீட்டுல நடக்குது. அழைப்புல, "எங்க வீட்டு எக்நாக் உண்டு, தாத்தா காலத்து ரெசிபி"ன்னு பெருமையா ஒரு வரி. நம்ம நேயர் மூணு கேள்வி கேட்டிருக்கார். அது என்ன? அதுல பச்சை முட்டை இருக்குமாமே, நிஜமா? என் மனைவிக்கு ஆறாம் மாசம், அவங்க குடிக்கலாமா?

முதல் ரெண்டு கேள்விக்கு இணையத்துல ஆயிரம் பதில் கிடைக்கும். மூணாவது கேள்விதான் என்னை உட்கார வெச்சுது. எக்நாக் ஆளுக்கு ஒரு கப்பா தனித்தனியா போடுற பானம் இல்ல. பெரிய கிண்ணத்துல கலக்கி நடுவுல வெச்சு, வர்றவங்க எல்லாரும் ஒரே கரண்டியால மொண்டு குடிக்கிறது. அந்த வரிசையில குழந்தை இருக்கும், தாத்தா இருப்பார், கர்ப்பிணி இருப்பாங்க, குடிக்காதவர் இருப்பார், முட்டை சாப்பிடாதவர் இருப்பார். அப்போ இதை யாரை மனசுல வெச்சு கலக்குறது? இன்னிக்கு எபிசோட் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

முதல்ல, எக்நாக்னா என்ன?

முட்டை, பால், கிரீம், சர்க்கரை, ஜாதிக்காய். பெரும்பாலும் இதோட ரம், பிராந்தி, இல்லன்னா பர்பன் விஸ்கி. குளிரக் குளிரக் குடிக்கிறது. அவ்வளவுதான்.

சுவையை எப்படிச் சொல்றது? வெனிலா ஐஸ்கிரீம் உருகி டம்ளர்ல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, அதுல கொஞ்சம் பாசந்தியோட கனம். மேல ஜாதிக்காய் வாசனை. நம்ம வீடுகள்ல பிறந்த குழந்தைக்கு உரை மருந்து இழைப்பாங்களே, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், வசம்போட ஒரு ஜாதிக்காயும் இருக்குமே, அதே வாசனைதான். அதனாலயோ என்னவோ, முதல் வாய் குடிச்ச உடனே எங்கேயோ தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

"முட்டை கவிச்சி அடிக்காதா?" நம்ம ஆட்கள் எல்லாரும் கேக்குற கேள்வி இது. நல்லா செஞ்சா அடிக்காது. ஜாதிக்காய் அதுல அழகுக்குத் தூவுறது இல்ல, கவிச்சியை அடக்குறதே அதுதான். கேரளத்துலயும் கன்னியாகுமரி மலையடிவாரத்துலயும் விளையுற சாமான், நமக்குப் புதுசில்ல. முழுக்காயா வாங்கி அப்பப்போ துருவிப் போடுங்க. பொடியா வாங்கி வருஷக்கணக்கா டப்பாவுல கிடந்தா மரத்தூள் மாதிரிதான் இருக்கும். ஆனா கை தாராளம் வேண்டாம். சிட்டிகை அளவு மருந்து, ஸ்பூன் ஸ்பூனா போனா விஷம். ரெண்டு டீஸ்பூன் உள்ள போனாலே வாந்தி, தலைசுத்தல், படபடப்பு எல்லாம் வரும்.

அமெரிக்காவுல இருக்கிறவங்க நிறையப் பேருக்கு எக்நாக்னா கடையில பால் பக்கத்துல நிக்கிற மஞ்சள் அட்டை டப்பாதான். அதைக் குடிச்சுட்டு, "சீ, இதையா இவங்க கொண்டாடுறாங்க"ன்னு ஒதுக்கினவங்க எனக்கே ஏழெட்டுப் பேரைத் தெரியும். அவங்க மேல தப்பு இல்ல. அமெரிக்க விதிப்படி, எக்நாக்னு பேர் போட்டு விற்கணும்னா குறைஞ்சது 6 சதவீதம் பால் கொழுப்பு இருக்கணும், முட்டை மஞ்சள் கருவோட திடப்பொருள் 1 சதவீதம் இருந்தா போதும். ஒரே ஒரு சதவீதம்! மிச்ச கனத்துக்குப் பல கம்பெனிகள் கொத்தவரை விதையிலிருந்து எடுக்குற குவார் கம், கடல்பாசியிலிருந்து எடுக்குற கராஜீனன் மாதிரி பசைகளைச் சேர்க்கிறாங்க. நாக்குல வழவழன்னு ஒட்டுறது அதுதான். டப்பாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது பாஸ்ச்சுரைஸ் பண்ணினது. அந்த நல்ல குணத்தைப் பத்தி பின்னாடி பேசுவோம்.

எங்கேருந்து வந்தது?

இங்கிலாந்துல ரொம்பப் பழைய பானம் ஒண்ணு, பாசெட்னு பேர். சூடான பால்ல ஏல் பீரையோ ஒயினையோ ஊத்துவாங்க, பால் லேசா திரியும். வசதியானவங்க அதுல முட்டையும் வாசனைச் சாமானும் சேர்ப்பாங்க. குளிருக்குக் குடிச்சாங்க, ஜலதோஷத்துக்கும் குடிச்சாங்க. நம்ம ஊர்ல மிளகு மஞ்சள் போட்ட பாலும், முட்டை அடிச்சு ஊத்தின பாலும் இருக்கிற மாதிரி. யாழ்ப்பாணத்துல முட்டைக் கோப்பி உண்டு, முட்டையும் சீனியும் நுரைக்க அடிச்சு அது மேல சுடச்சுட கோப்பி ஊத்துறது. முட்டையை அடிச்சுப் பானத்துல கலக்குறது உலகத்துல பல இடத்துல மனுஷனுக்குத் தோணின யோசனைதான்.

அந்த பாசெட் அட்லாண்டிக்கைத் தாண்டினப்போ ஒரு மாற்றம் நடந்தது. இங்கிலாந்துல பிராந்தி, ஷெர்ரி எல்லாம் காசு உள்ளவங்க சமாச்சாரம். அமெரிக்கக் குடியேற்றங்கள்ல பண்ணைக்குப் பண்ணை மாடும் கோழியும் இருந்தது. கூடவே கரீபியத் தீவுகள்லேருந்து வந்த மலிவான ரம்மும், அங்கேருந்து வர்ற கரும்புப் பாகுல நியூ இங்கிலாந்துக்காரங்களே காய்ச்சின ரம்மும் கிடைச்சுது. அந்தப் பாகு அடிமைகளோட உழைப்புல வந்தது, அதையும் சொல்லாம தாண்ட முடியாது. பணக்காரங்க கோப்பையில இருந்தது இப்படித்தான் பண்ணை வீட்டுக் கிண்ணத்துக்கு வந்தது. அமெரிக்கா விடுதலை அடைஞ்ச பிறகு ரம் வரத்து குறைஞ்சு, உள்ளூர் விஸ்கி அந்த இடத்தைப் பிடிச்சுது. தெற்கு மாநிலங்கள்ல இன்னிக்கும் பர்பன் ஊத்துறதுக்கு இதுதான் பின்னணி.

ஜாதிக்காய்க்கும் அமெரிக்காவுக்கும் இன்னொரு கதை இருக்கு. ஒரு காலத்துல உலகத்துக்கே ஜாதிக்காய் இந்தோனேசியாவோட பண்டா தீவுகள்லேருந்துதான் போகணும். அதுக்காக டச்சுக்காரங்களும் ஆங்கிலேயர்களும் அடிச்சுக்கிட்டாங்க. 1667-ல பிரெடா உடன்படிக்கை போட்டப்போ, பண்டாவுல இருக்கிற ரன்ங்கிற குட்டித் தீவு டச்சுக்காரங்க கையிலேயே இருக்கட்டும், ஆங்கிலேயர்கள் ஏற்கனவே பிடிச்ச மன்ஹாட்டன் அவங்க கிட்டயே இருக்கட்டும்னு முடிவாச்சு. ஆமா, நியூயார்க் மன்ஹாட்டன்தான். அன்னிக்கு ஜாதிக்காய் தீவை வெச்சுக்கிட்டவங்கதான் லாபம் பார்த்ததா நினைச்சிருப்பாங்க.

பேருக்கு ரெண்டு விளக்கம் சொல்வாங்க. கிழக்கு இங்கிலாந்துல கடுமையான ஒரு வகை பீருக்கு நாக்னு பேர். சின்ன மரக் கோப்பைக்கு நாகின்னு பேர். எது மூலம்னாலும் பேருலயே சரக்கு வாடை இருக்கு. "சரக்கு இல்லாத எக்நாக் எக்நாக்கே இல்ல"ன்னு அடம்பிடிக்கிறவங்க அன்னிக்கும் இருந்தாங்க. அவங்களோட உச்சகட்டம் 1826.

நியூயார்க் மாநிலத்துல வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. அதோட தலைவர் சில்வானஸ் தேயர், கண்டிப்பான மனுஷன். வளாகத்துல மது கூடாதுன்னு உத்தரவு. அப்போ கிறிஸ்துமஸ் எக்நாக்கும் வெறும் பாலும் முட்டையும்தான். மாணவர்கள் ஒத்துக்கல. வெளியேயிருந்து விஸ்கியை ரகசியமா கடத்திக் கொண்டு வந்து, டிசம்பர் 24 ராத்திரி விடுதி அறைகள்ல எக்நாக் கலக்கினாங்க. விடிகாலைக்குள்ள அது கலவரமா மாறிடுச்சு. ஜன்னல் உடைஞ்சுது, படிக்கட்டுக் கைப்பிடி பிய்ஞ்சுது, அடக்க வந்த அதிகாரிகளுக்கும் அடி. 19 மாணவர்கள் மேல ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. அந்த ராத்திரி சிக்கினவங்கள்ல ஒருத்தர் ஜெபர்சன் டேவிஸ், பின்னாடி உள்நாட்டுப் போர்ல தெற்கு மாநிலக் கூட்டமைப்போட தலைவர் ஆனவர். அவர் மேல விசாரணை நடக்கல, தப்பிச்சார். வரலாற்றுல இதுக்குப் பேரே எக்நாக் கலவரம்.

1862-ல ஜெர்ரி தாமஸ்ங்கிற புகழ்பெற்ற பார்டெண்டர் ஒரு கையேடு போட்டார். அதுல எக்நாக் அமெரிக்காவுல பிறந்த பானம்னு உரிமை கொண்டாடுறார், தெற்குல கிறிஸ்துமஸ்னா இது இல்லாம முடியாதுங்கிறார். அதே புத்தகத்துல டாம் அண்ட் ஜெர்ரின்னு ஒரு சூடான வகையும் இருக்கு. பூனையும் எலியும் இல்ல, பானம். முட்டையும் சர்க்கரையும் அடிச்ச மாவை ஒரு கரண்டி கோப்பையில போட்டு, ரம், பிராந்தி, சுடு பால் ஊத்தறது. விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் குளிர்காலத்துல இந்த மாவு கடையில டப்பாவுலயே கிடைக்கும்.

சரி, பச்சை முட்டை விஷயத்துக்கு வருவோம்

மேல சொன்ன எல்லா பழைய ரெசிபியும் பச்சை முட்டைதான். தாத்தா காலத்து ரெசிபின்னா பெரும்பாலும் பச்சை முட்டைன்னு எடுத்துக்கலாம். மஞ்சள் கருவைச் சர்க்கரையோட அடிச்சு, சரக்கை ஊத்தி, பாலும் கிரீமும் சேர்த்து, கடைசியா வெள்ளைக் கருவை நுரைக்க அடிச்சு மேல மிதக்க விடுவாங்க. அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க.

இதுல ஆபத்து சால்மோனெல்லா பாக்டீரியா. முட்டை ஓட்டு மேலயும் இருக்கலாம், சில சமயம் ஓட்டுக்கு உள்ளேயும் இருக்கலாம். எவ்வளவு அபூர்வம்? அமெரிக்காவுல பல வருஷமா சொல்லப்படுற மதிப்பீடு, 20,000 முட்டைக்கு ஒண்ணு. கேட்டா ஒண்ணுமே இல்லன்னு தோணும். ஆனா கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. ஆம்லெட்னா ஒரு முட்டை, ஒரு ஆள். எக்நாக்னா 12 முட்டை ஒரே கிண்ணத்துல. அப்போ அந்தக் கிண்ணத்துல கெட்ட முட்டை இருக்கிற வாய்ப்பு ஏறக்குறைய 1,700-ல ஒண்ணு. அப்பவும் சின்ன எண்தான். ஆனா மாட்டினா ஒருத்தரோட நிக்காது, அந்தக் கிண்ணத்துல குடிச்ச 20 பேருக்கும் பங்கு உண்டு. கிண்ணம் மேசை மேல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தா, பாக்டீரியா பெருகவும் நேரம் கிடைக்குது. நம்ம வேலையில சொல்வோமே, ஒரு சின்ன பக் தனி மெஷின்ல இருந்தா தலைவலி, எல்லாரும் பயன்படுத்துற சர்வர்ல இருந்தா விபத்துன்னு. அதே கணக்கு.

ஆரோக்கியமான 28 வயசு ஆளுக்கு சால்மோனெல்லான்னா மூணு நாலு நாள் பாத்ரூமும் காய்ச்சலும். கைக்குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணி, கீமோதெரபியில இருக்கிறவங்க, இவங்களுக்கு அது ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம், உயிர் வரைக்கும் போகலாம்.

"அதான் ரம் ஊத்துறோமே, கிருமி செத்துடாதா?" விருந்துல இதை ஒருத்தராவது கண்டிப்பா சொல்வார். இதுக்கு ஆய்வகத்துலயே பதில் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துல ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டுன்னு ஒரு நுண்ணுயிரியல் விஞ்ஞானி இருந்தாங்க. தொண்டைப் புண்ணுல ஆரம்பிச்சு பல நோய்க்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை வகை பிரிச்சவங்க. இன்னிக்கும் அந்தப் பிரிவுகளுக்கு அவங்க பேர்தான். 1981-ல காலமானாங்க. அவங்க ஆய்வகத்துல வருஷா வருஷம் விடுமுறைக்கு முன்னாடியே பச்சை முட்டை எக்நாக் கலக்கி, குளிர்பதன அறையில வாரக்கணக்கா வெச்சிருந்து அப்புறம் குடிப்பாங்க. கிருமியோடவே வாழ்க்கையைக் கழிச்சவங்க பச்சை முட்டையைத் தைரியமா குடிக்கிறாங்கன்னா காரணம் இருக்கணும் இல்லையா?

பின்னாடி அதே பல்கலைக்கழகத்துல வின்சென்ட் ஃபிஷெட்டியோட ஆய்வகத்துல அந்த ரெசிபியைச் சோதிச்சுப் பார்த்தாங்க. எக்நாக்ல வேணும்னே சால்மோனெல்லாவைச் சேர்த்து, குளிர்ல வெச்சு, அப்பப்போ எடுத்து வளர்த்துப் பார்த்தாங்க. ஒரு வாரம் ஆன பிறகும் பாக்டீரியா உயிரோட இருந்தது. மூணு வாரம் ஆனப்போ ஒண்ணுமே முளைக்கல.

இந்தக் கதையைக் கேட்டவங்க நிறையப் பேர், "பார்த்தியா, சரக்கு ஊத்தினா சரியாயிடும்"னு கிளம்பிடுவாங்க. சோதனை சொன்னது அது இல்ல. மூணு விஷயம் ஒண்ணா சேரணும். ஒண்ணு, சரக்கோட அளவு. அந்த ரெசிபியில 12 முட்டைக்கு ஒரு குவார்ட் ரம், ஒரு பைன்ட் பர்பன், அதாவது கிட்டத்தட்ட 1.4 லிட்டர். கிரீம் ரெண்டு குவார்ட். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுல மொத்தத்துல ஆல்கஹால் சுமார் 14 சதவீதம் வருது, ஒயின் அளவு. ரெண்டு, குளிர், 4 டிகிரி செல்சியஸ். மூணு, காலம், மூணு வாரம். இதுல எதைக் குறைச்சாலும் அந்த முடிவை நம்ப முடியாது. மத்தியானம் கலக்கி ராத்திரி பரிமாறுற கிண்ணத்துல ரெண்டு மூடி ரம் ஊத்தினா வாசனை வரும், பாதுகாப்பு வராது.

நேயரோட மூணாவது கேள்விக்கு இப்போ நேரடியாவே பதில் சொல்லிடுறேன். தாத்தா ரெசிபி அன்னிக்கே கலக்கினதுன்னா பச்சை முட்டை இருக்கு, உங்க மனைவிக்கு வேண்டாம். மூணு வாரம் ஊறினதுன்னா ஆல்கஹால் இருக்கு, அப்பவும் வேண்டாம். மேனேஜர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: "முட்டையைச் சூடு பண்ணினீங்களா? சரக்கு கலந்தாச்சா?" இந்த ரெண்டு கேள்வியை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அமெரிக்காவுல அலர்ஜி பத்திக் கேக்குறது சகஜம். சந்தேகம்னா, நான் முன்னாடி குறை சொன்ன அதே மஞ்சள் அட்டை டப்பா ஒண்ணு கையோட வாங்கிட்டுப் போங்க. லேபிள்ல ஆல்கஹால் இல்லன்னு மட்டும் பார்த்துக்கோங்க. பாஸ்ச்சுரைஸ் பண்ணினது, அவங்க தைரியமா குடிக்கலாம்.

எல்லாரும் குடிக்கக்கூடிய வீட்டு எக்நாக்

இப்போ நம்ம சமையல்கட்டு. ஆறேழு பேருக்கு அளவு: 6 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் கொழுப்பு நிறைஞ்ச பால், 250 மில்லி கிரீம், ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் துருவின ஜாதிக்காய், கொஞ்சம் வெனிலா. இந்தியாவுல கிடைக்கிற டெட்ரா பாக் ஃப்ரெஷ் கிரீம் போதும். உப்பை விட்டுடாதீங்க, பாயசத்துக்குப் போடுற மாதிரிதான், இனிப்பு எடுத்துக் கொடுக்கும்.

மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளிர் மஞ்சளா ஆகுற வரைக்கும் அடிங்க. இன்னொரு பாத்திரத்துல பால், கிரீம், உப்பு, ஜாதிக்காய் சேர்த்து ஆவி பறக்கச் சூடு பண்ணுங்க, பொங்க வேண்டாம். இப்போதான் முக்கியமான கட்டம். சூடான பாலை ஒரு கரண்டி எடுத்து முட்டைக் கலவையில ஊத்தி வேகமா கலக்குங்க. இன்னொரு கரண்டி. இன்னொண்ணு. முட்டை மெதுவா சூட்டுக்குப் பழகட்டும். அப்புறம் மொத்தத்தையும் பால் பாத்திரத்துக்கே திருப்பி ஊத்தி, சின்னத் தீயில, கை நிறுத்தாம கிண்டுங்க.

எங்க நிறுத்தணும்? தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, விலை அதிகமில்ல. 71 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்ல 160. அங்க சால்மோனெல்லாவுக்கு வேலை முடிஞ்சுது. 80-ஐத் தாண்டினா முட்டை திரண்டு பொடிமாஸ் ஆக ஆரம்பிச்சுடும். 71-க்கும் 80-க்கும் நடுவுல இருக்கிற அந்தச் சின்ன இடம்தான் மொத்த சமையலும். அது கிடைக்கிறதே பாலும் சர்க்கரையும் கலந்திருக்கிறதாலதான். தனி மஞ்சள் கருவா இருந்தா 70 டிகிரியிலேயே கெட்டியாயிடும். பால் அதை நீர்க்க வைக்குது, சர்க்கரை உறையுறதைத் தள்ளிப் போடுது. கரண்டியோட பின்பக்கம் விரலால கோடு போட்டா கோடு அழியாம நிக்கும், அது கண்ணால பார்க்குற அடையாளம்.

இறக்கி, வடிகட்டி, வெனிலா சேர்த்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணியில வெச்சு ஆற விட்டு, ஃப்ரிட்ஜ்ல குறைஞ்சது நாலு மணி நேரம். ராத்திரி முழுக்க இருந்தா இன்னும் உத்தமம், ஜாதிக்காய் அப்போதான் பால்ல நல்லா இறங்கும். ரெண்டு மூணு நாளைக்குள்ள முடிச்சுடுங்க. பரிமாறும்போது கிண்ணத்துக்கு அடியில ஐஸ் வெச்ச இன்னொரு பாத்திரம் இருக்கட்டும். மிஞ்சின ஆறு வெள்ளைக் கரு? வீட்டுல ஜிம் போற தம்பி இருந்தா கேக்கவே வேண்டாம்.

"நுரை வேணுமே, பழைய ரெசிபியில வெள்ளைக் கரு நுரை மிதக்குமே"ங்கிறவங்களுக்கு: பச்சை வெள்ளைக் கரு போட்டா மறுபடி முதல்லேருந்து அதே பிரச்சினை. அமெரிக்காவுல ஓட்டோடயே பாஸ்ச்சுரைஸ் பண்ணின முட்டை கிடைக்குது, அதை வாங்கலாம். இல்லன்னா கொஞ்சம் கிரீமை அடிச்சு மேல போடுங்க, யாருக்கும் குறை தெரியாது.

முட்டையே வேண்டாம்னா?

நம்ம கூட்டத்துல இது தவிர்க்க முடியாத கேள்வி. இதுக்கு விடை நம்ம வீட்டு அலமாரியிலேயே இருக்கு, கஸ்டர்ட் பவுடர். நம்ம ஊர்ல கஸ்டர்ட்னா ஃப்ரூட் சாலட் மேல ஊத்துற மஞ்சள் சாமான். அதுல முட்டையே கிடையாது, சோள மாவும் நிறமும் வெனிலா வாசனையும்தான். அது பிறந்ததே முட்டை ஆகாதவங்களுக்காக. 1837-ல இங்கிலாந்துல பர்மிங்காம்ல ஆல்ஃப்ரெட் பேர்ட்ங்கிற மருந்துக் கடைக்காரர், மனைவிக்கு முட்டை அலர்ஜின்னு சோள மாவை வெச்சு கஸ்டர்ட் கண்டுபிடிச்சார். வீட்டுல ஒருத்தருக்கு ஆகலன்னதும், எல்லாருக்குமா சேர்த்து ரெசிபியையே மாத்தின ஆள் அவர்!

ஒரு லிட்டர் பாலுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர் போதும், அதுக்கு மேல போனா ஸ்பூன்ல சாப்பிடுற பதம் வந்துடும். ஆறின பால்ல கரைச்சு ஊத்தி, கொதிக்க விடணும். கவனிங்க, இங்க விதி தலைகீழ். முட்டைன்னா கொதிக்கக் கூடாது, மாவுன்னா கொதிச்சே ஆகணும், இல்லன்னா பச்சை மாவு வாடை போகாது. அப்புறம் கிரீம், சர்க்கரை, ஜாதிக்காய். ஆற வெச்சுக் குடிச்சுப் பாருங்க, பக்கத்துல இருக்கிறவருக்கு வித்தியாசம் சொல்லத் தெரியாது.

இன்னொரு வழி போர்ட்டோ ரிக்கோவோட கொக்கிட்டோ. தேங்காய்ப்பால், கன்டென்ஸ்டு மில்க், பட்டை, ரம். பல குடும்பங்கள்ல முட்டை போடவே மாட்டாங்க. பாட்டில்ல ஊத்தி கிறிஸ்துமஸ் பரிசா கொடுப்பாங்க. ரம்மை எடுத்துட்டா நமக்கு ரொம்பப் பழக்கமான சுவை, ஏறக்குறைய தேங்காய்ப்பால் பாயசத்தோட ஒண்ணு விட்ட அண்ணன் தம்பி முறை. மெக்சிகோவுல ரொம்போபேன்னு ஒண்ணு உண்டு, புவேப்லா நகரத்துக் கன்னியாஸ்திரீ மடத்துல பிறந்ததா சொல்வாங்க, மஞ்சள் கருவைப் பால்ல காய்ச்சி எடுக்கிறது. நெதர்லாந்தோட அட்வொகாட் ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடுற அளவுக்குக் கெட்டி. எல்லாம் ஒரே குடும்பம்தான்.

கடைசியா, சரக்கு

குடிக்கிறது குடிக்காதது அவரவர் விருப்பம், அதுல நான் கருத்து சொல்லல. எங்க ஊத்துறதுங்கிறதுல மட்டும் சொல்றேன். கிண்ணத்துல ஊத்தாதீங்க. கிண்ணம் வெறும் எக்நாக்கா இருக்கட்டும், பாட்டில் பக்கத்துல நிக்கட்டும். வேணும்ங்கிறவர் தன் டம்ளர்ல 30 மில்லி ஊத்திக்கட்டும். நம்ம பாஷையில சொன்னா, டீஃபால்ட்ல ஆஃப், வேண்டியவர் ஆன் பண்ணிக்கலாம்.

இதுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கு. கிரீமும் சர்க்கரையும் சரக்கோட காரத்தை மொத்தமா மறைச்சுடும். விஸ்கியைத் தனியா குடிச்சா தொண்டை எச்சரிக்கும், எக்நாக்ல அந்த எச்சரிக்கை இல்ல. 14 சதவீத எக்நாக் ஒரு 150 மில்லி டம்ளர் குடிச்சா, ஒரு கிளாஸ் ஒயினுக்கு மேலயே உள்ள போகுது. ஆனா மனசு அதை இனிப்புக் கணக்குல எழுதுது. ரெண்டாவது டம்ளர், மூணாவது டம்ளர், அப்புறம் கார் சாவி. குழந்தைகள் கையில தவறுதலா போறதும் இப்படித்தான், பார்க்க மில்க் ஷேக் மாதிரியே இருக்கே.

"பாரம்பரியம் போச்சே"ன்னு வருத்தப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பாசெட்ல ஏல் இருந்தது, அப்புறம் ஷெர்ரி, அப்புறம் ரம், அப்புறம் பர்பன். கையில இருந்ததைப் போட்டு, வந்தவங்களுக்குக் கொடுத்ததுதான் இந்தப் பானத்தோட பாரம்பரியம். லான்ஸ்ஃபீல்டு மாதிரி மூணு வாரம் ஊற வெச்சு பெரியவங்க மட்டும் குடிக்கிறதா, தாராளமா செய்யுங்க, அதுக்குத் தனி பாட்டில், மேல பெருசா லேபிள். நடு மேசைக் கிண்ணத்தை மட்டும், வர்றவங்கள்ல யாருக்கு உடம்பு ரொம்ப மெலிஞ்சதோ அவங்களை நினைச்சுக் கலக்குங்க. அவங்க குடிக்கலாம்னா மத்த எல்லாரும் குடிக்கலாம்.

இந்த வாரம் அவ்வளவுதான். செஞ்சு பார்த்தவங்க எப்படி வந்துதுன்னு எழுதுங்க. வெல்லம், பனங்கற்கண்டு, ஏலக்காய்னு மாத்திப் போட்டவங்க கண்டிப்பா எழுதுங்க. வெல்லம் போட்டா கலவை நல்லா ஆறின பிறகு கரைச்சு ஊத்துங்க, சூட்டுல சில வெல்லத்துக்குப் பால் திரிஞ்சுடும். அடுத்த வாரம் மறுபடி கோடுக்குத் திரும்பறோம். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்கோங்க. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.